பள்ளிச் சமையலும் குப்பை வண்டியும்: கிளாஸ்கோ பெண்களின் சம ஊதியப் போராட்டம் பற்றிய கேள்விகள்

2018 அக்டோபர் 23, 24. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. எல்லோரும் நகர கவுன்சிலின், அதாவது அந்த ஊர் மாநகராட்சியின், ஊழியர்கள். முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொள்பவர்கள், பள்ளிகளில் சமைப்பவர்கள், கட்டடங்களைப் பெருக்கித் துடைப்பவர்கள், நர்சரிகளில் குழந்தைகளைக் கவனிப்பவர்கள். பிரிட்டனில் சம ஊதியத்துக்காக நடந்த மிகப் பெரிய வேலைநிறுத்தங்களில் ஒன்று அது. அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று பிரிட்டனில் எப்போதோ சட்டம் வந்துவிட்டதே. அப்புறம் 2018ல் என்ன போராட்டம்?

சட்டம் வந்தது உண்மை. 1968ல் லண்டனை ஒட்டிய டேகன்ஹாமில் ஃபோர்டு கார் தொழிற்சாலையில் சீட் உறை தைத்த பெண்கள் தையல் மெஷின்களை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அமைச்சர் பார்பரா காசில் தலையிட்டார். 1970ல் சம ஊதியச் சட்டம் நிறைவேறியது, 1975 கடைசியில் நடைமுறைக்கு வந்தது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தத் தையல்காரப் பெண்கள் கேட்டது தங்கள் வேலையைத் திறமை வேண்டும் வேலை என்று ஏற்று மேல் படியில் வைக்க வேண்டும் என்பது. அது கிடைக்க அவர்கள் 1984 வரை காத்திருந்து, இன்னொரு முறை வேலைநிறுத்தமும் செய்ய வேண்டியிருந்தது.

1970ன் சட்டம் முக்கியமாகப் பார்த்தது 'ஒரே மாதிரி வேலை'யை. ஒரு பள்ளிச் சமையலறையை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேர் வேலை செய்கிறார்கள், பத்துப் பேரும் பெண்கள். அங்கே ஒப்பிட்டுப் பார்க்க ஆணே இல்லை. குப்பை வண்டியில் நாலு பேர், நாலு பேரும் ஆண்கள். ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்று சட்டம் சொன்னாலும் இந்தப் பத்துப் பெண்களுக்கு அதனால் ஒரு பைசா கூடவில்லை.

ஐரோப்பிய நீதிமன்றம் பிரிட்டனைக் குட்டிய பிறகுதான், 1984 தொடக்கம் முதல், 'சம மதிப்புள்ள வேலை' என்ற கருத்து சட்டத்துக்குள் வந்தது. அதை முதலில் உரசிப் பார்த்தவர் ஜூலி ஹேவர்டு. கேமல் லேர்டு கப்பல் கட்டும் தளத்தின் கேன்டீனில் சமையல் வேலை. தன் வேலை அதே தளத்தில் பெயின்ட் அடிப்பவர், தச்சர் ஆகியோரின் வேலைக்குக் குறைந்ததல்ல என்று வழக்குப் போட்டார். 1988ல், அப்போது நாட்டின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய் ஜெயித்தார். கிளாஸ்கோ பெண்கள் நின்றது அவர் போட்ட பாதையில்தான்.

சரி, சமையலையும் குப்பை அள்ளுவதையும் எப்படி ஒப்பிடுவது? இரண்டும் வேறு வேறு அல்லவா?

வேறுதான். அதனால்தான் பணி மதிப்பீடு என்று ஒரு முறை இருக்கிறது. என்ன திறமை வேண்டும், எவ்வளவு பொறுப்பு, உடலுக்கு எவ்வளவு சிரமம், மனசுக்கு எவ்வளவு பாரம், எந்தச் சூழலில் வேலை என்று தனித்தனியாகப் புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை ஒன்றாக வந்தால் சம்பளமும் ஒன்றாக வர வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதற்குப் புள்ளி போடுவது என்று முடிவு செய்வதில்தான் விஷயம் இருக்கிறது. கனமான தொட்டியைத் தூக்கினால் அது உடலுழைப்பு என்று எல்லோர் கண்ணுக்கும் தெரியும். படுக்கையை விட்டு எழ முடியாத எண்பது வயது மனிதரைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, உடை மாற்றி, மாத்திரை கொடுத்து, அவர் எரிந்து விழுந்தால் பொறுத்துக்கொண்டு, பதினைந்தே நிமிடத்தில் அடுத்த வீட்டுக்கு ஓடுவது? அதை 'பொம்பளைங்களுக்கு இயல்பா வர்றது' என்று ஒதுக்கிவிடுவது சுலபம். இயல்பாக வருவதற்கு யாரும் புள்ளி போட மாட்டார்கள். வீட்டில் சம்பளமில்லாமல் செய்ததால் வெளியே செய்யும்போதும் அந்த வேலை மலிவாகிப்போனது என்பது என் கருத்து. இது கிளாஸ்கோவுக்கு மட்டும் உரிய நோயல்ல.

அப்படி மதிப்பிட்ட பிறகும் வித்தியாசம் எப்படி வந்தது?

போனஸ் வழியாக.

பிரிட்டன் முழுக்க கவுன்சில்களில் குப்பை அள்ளுவோர், தெரு கூட்டுவோர், பூங்காத் தோட்டக்காரர்கள், சாலை போடுவோர் ஆகியோருக்கு உற்பத்தித்திறன் போனஸ் என்று ஒன்று பல ஆண்டுகளாக இருந்தது. தொடக்கத்தில் வேகமாக வேலை செய்தால் கூடுதல் பணம் என்ற கணக்கு. நாளடைவில் வேகமாகச் செய்தாலும் செய்யாவிட்டாலும் மாதாமாதம் வரும் பணமாகிவிட்டது. சமைக்கும், துடைக்கும், பராமரிக்கும் பெண்களுக்கு அந்தப் போனஸே கிடையாது. ஆக, அடிப்படைச் சம்பளப் படியில் இருவரும் ஒரே வரிசையில் இருப்பார்கள். மாதக் கடைசியில் கைக்கு வருவது வேறாக இருக்கும்.

எவ்வளவு வேறு? பர்மிங்ஹாம் கவுன்சிலுக்கு எதிராக நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் 2010ல் வேலைத் தகராறுகளை விசாரிக்கும் தொழில் தீர்ப்பாயத்தில் ஜெயித்தார்கள். அந்த வழக்கில் வெளியே வந்த ஓர் உதாரணம்: ஒரே படியில் இருந்த பெண்ணுக்கு ஆண்டுக்கு 12,000 பவுண்டுக்கும் குறைவு, ஆண் ஒருவர் எடுத்துப் போனது 51,000 பவுண்டு வரை. எல்லா இடத்திலும் இந்த அளவு பள்ளம் இருக்கவில்லை. ஆனால் பள்ளம் எங்கே ஒளிந்திருந்தது என்பதற்கு இது நல்ல சாட்சி.

கிளாஸ்கோவில் குறிப்பாக என்ன நடந்தது?

கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டிய கதை இது.

1999ல் ஸ்காட்லாந்து கவுன்சில்களும் யூனியன்களும் ஓர் ஒப்பந்தம் போட்டன. உடலுழைப்பு ஊழியர், அலுவலக ஊழியர் என்ற பிரிவெல்லாம் போய் எல்லோருக்கும் ஒரே சம்பள ஏணி. காகிதத்தில் அழகான ஒப்பந்தம். ஆண்டுகள் ஓடின, ஏணி வரவில்லை. 2005-06 வாக்கில் சம ஊதிய வழக்குகள் குவியும் என்று தெரிந்ததும் கவுன்சில் பெண்களுக்கு ஒரு தொகையைக் காட்டி, இதை வாங்கிக்கொண்டு வழக்குப் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள் என்றது. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். உண்மையில் தங்களுக்கு எவ்வளவு சேர வேண்டும் என்று அவர்களில் பலருக்கு அப்போது தெரியாது.

அதற்கப்புறம் கவுன்சில் தனக்கென்றே ஒரு சம்பள மதிப்பீட்டு முறையைக் கொண்டு வந்தது. அதில் இரண்டு கொக்கிகள் இருந்தன. முதலாவது, வாரம் 37 மணி நேர ஒப்பந்தம் உள்ளவர்களுக்குக் கூடுதல் புள்ளி. நடுநிலையான விதி போலத்தான் தெரியும். ஆனால் பள்ளிச் சமையலறையும் துப்புரவும் பெரும்பாலும் பகுதி நேர வேலை, அதைச் செய்பவர்கள் பெண்கள். முழு நேர வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். விதியில் ஆண், பெண் என்று ஒரு சொல்கூட இல்லாமலேயே வேலை முடிந்துவிட்டது. இரண்டாவது, போனஸை இழந்த ஆண்களுக்கு மூன்று ஆண்டுகள் பழைய வருமானத்துக்குப் பாதுகாப்பு. போனஸே வாங்காத பெண்களுக்குப் பாதுகாக்க எதுவும் இல்லை அல்லவா! பழைய அநியாயத்துக்கு மேலும் மூன்று ஆண்டு ஆயுள் கொடுத்தார்கள்.

கோர்டியா என்று ஒரு கம்பெனி பெயர் அடிபடுகிறதே, அது என்ன?

2009ல் கிளாஸ்கோ கவுன்சில் வீட்டுப் பராமரிப்பு, பள்ளி உணவு, துப்புரவு ஆகியவற்றைத் தன்னிடமிருந்து பிரித்து கோர்டியா என்ற நிறுவனத்தின் கீழ் கொண்டுபோனது. உரிமையாளர் கவுன்சில்தான். ஆனால் காகிதத்தில் முதலாளி வேறு. இதனால் ஒரு வாதம் கைக்கு வந்தது: உங்கள் முதலாளி கோர்டியா, குப்பை அள்ளுபவரின் முதலாளி கவுன்சில், இருவரையும் எப்படி ஒப்பிடுவீர்கள்?

ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு எண் போட்டுவிட்டு, நீங்கள் வேறு வீடு என்று சொல்வது மாதிரி. 2014ல் ஸ்காட்லாந்தின் உயர்ந்த சிவில் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் செஷன் இந்த வாதத்தை ஏற்கவில்லை. கவுன்சிலின் பிடியில் இருக்கும் நிறுவனத்தின் ஊழியர்கள் கவுன்சில் ஊழியர்களோடு தங்களை ஒப்பிடலாம் என்றது. 2017 மே மாதம் அந்த மூன்றாண்டுப் பாதுகாப்பு விஷயத்திலும் பெண்கள் ஜெயித்தார்கள். ஆகஸ்டில் கவுன்சிலின் மதிப்பீட்டு முறைக்கே அடி விழுந்தது: அது சட்டம் கேட்கும் தரத்தில் இருக்கிறது என்று கவுன்சிலால் நிறுவ முடியவில்லை. 2018 இலையுதிர் காலத்தில் கோர்டியாவைக் கலைத்து ஊழியர்களை மறுபடி கவுன்சிலுக்குள் சேர்த்துக்கொண்டார்கள்.

யூனியன்கள் இத்தனை ஆண்டு என்ன செய்துகொண்டிருந்தன?

சங்கடமான கேள்வி. மழுப்பாமல் சொல்ல வேண்டும் என்றால், ரொம்ப நாள் அவை முன்னணியில் இல்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரே யூனியனில் போனஸ் வாங்கும் ஆண்களும் இருக்கிறார்கள், வாங்காத பெண்களும் இருக்கிறார்கள். பேச்சுவார்த்தை மேஜையில் பணம் குறைவு என்று கவுன்சில் சொல்லும்போது, ஆண்களின் சம்பளம் குறையாமல் பார்ப்பதா, பெண்களின் பழைய பாக்கியை வாங்குவதா? இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் ஜி.எம்.பி. யூனியன் முதலாவதற்கு முன்னுரிமை கொடுத்து, பெண்களைக் குறைந்த பாக்கிக்கு ஒப்புக்கொள்ள வைத்தது. அந்தப் பெண்கள் தங்கள் யூனியன் மீதே வழக்குப் போட்டார்கள். 2008ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் யூனியன் பாகுபாடு காட்டியது என்று தீர்ப்பளித்தது. சந்தா கட்டும் சங்கத்தையே கோர்ட்டுக்கு இழுக்க வேண்டிய நிலை எப்படிப்பட்டது என்று யோசியுங்கள்.

கிளாஸ்கோவில் பல ஆயிரம் பெண்கள் யூனியனை ஒதுக்கிவிட்டு ஸ்டெஃபான் கிராஸ் என்ற வழக்கறிஞரின் 'ஆக்‌ஷன் ஃபோர் ஈக்வாலிட்டி' அமைப்பு வழியாக வழக்குப் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு பக்கம், கவுன்சிலை அப்போது ஆண்ட லேபர் கட்சியோடு யூனியன்களுக்கு நெடுநாள் உறவு. 2017ல் எஸ்.என்.பி. என்ற ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி அங்கே ஆட்சிக்கு வந்தது. யூனிசன், ஜி.எம்.பி. என்ற இரண்டு யூனியன்களும் தெருவில் இறங்கியது அதற்குப் பிறகு என்பதைக் கவுன்சில்காரர்கள் குத்திக் காட்டினார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த எட்டாயிரம் பெண்களும் கட்சிக்காக வெளியே வந்தார்கள் என்று சொன்னால், பத்து வருடமாக அவர்கள் சம்பளச் சீட்டில் இருந்த குறையை யார் போட்டார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

வழக்கறிஞர்கள் கமிஷனுக்காகத்தானே செய்தார்கள்?

ஜெயித்தால் ஒரு பங்கு, தோற்றால் ஒன்றுமில்லை என்ற ஏற்பாடுதான். அதை எல்லோரும் திட்டினார்கள், கவுன்சிலும் யூனியனும் சேர்த்து. ஆனால் சமையலறைப் பெண் ஒருவர் தன் கைக்காசைப் போட்டுப் பத்து வருடம் கோர்ட் ஏறியிருக்க முடியாது. 2013ல் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடவே அரசு கட்டணம் வைத்தது. பாகுபாடு வழக்கு விசாரணை வரை போனால் 1,200 பவுண்டு. யூனிசன் உச்ச நீதிமன்றம் போய் 2017 ஜூலையில் அதை நீக்க வைத்தது. இந்த விஷயத்தில் யூனியனுக்குப் பெரிய நன்றி சொல்ல வேண்டும்.

கோர்ட்டில் ஜெயித்தாயிற்று. புதிய ஆட்சியும் தீர்த்து வைக்கிறேன் என்றது. பிறகு வேலைநிறுத்தம் ஏன்?

தீர்ப்பு வந்தால் பணம் வந்துவிடும் என்று நினைப்பது, கோர்ட் வாசல் மிதிக்காதவர்கள் நினைப்பது. யாருக்கு, எந்தக் காலத்துக்கு, எந்த ஆணோடு ஒப்பிட்டு, எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பேசி முடிக்க வேண்டும். 2018 முழுக்கப் பேச்சு நடந்தது. கவுன்சில் தலைவர் சூசன் எய்ட்கன், பேச்சு நல்லபடியாகப் போகிறது, வேலைநிறுத்தம் தேவையே இல்லை என்றார். பெண்கள் தரப்போ, கூட்டம் போட்டுக் கலைவதைத் தவிர எதுவும் நகரவில்லை என்றது. வாக்கெடுப்பில் கிட்டத்தட்ட எல்லோருமே வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். வேலைநிறுத்தம் அக்டோபரில் நடந்தது. கொள்கையளவிலான உடன்பாடு 2019 ஜனவரியில் வந்தது. பத்து வருடம் நகராதது மூன்று மாதத்தில் நகர்ந்தது. இதை வெறும் தற்செயல் என்று நினைக்க விரும்புபவர்கள் நினைக்கலாம்.

தனித்தனி வீடுகளில் வேலை செய்பவர்களை எப்படி ஒன்று சேர்த்தார்கள்?

இந்தப் போராட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தொழிற்சாலை என்றால் ஒரே வாசல், ஒரே சாப்பாட்டு நேரம். வாசலில் நின்று நோட்டீஸ் கொடுத்தால் போதும். வீட்டுப் பராமரிப்பாளருக்கு வாசலே கிடையாது. காலையில் ஒரு முதியவரின் வீடு, பிறகு இன்னொன்று. நாள் முழுக்கப் போகும் வீடுகளில் சக ஊழியரைப் பார்க்காமலேயே பொழுது முடிந்துவிடும். துப்புரவுப் பெண்கள் வருவது மற்றவர்கள் வருவதற்கு முன்னால் அல்லது போன பின்னால். பள்ளிச் சமையலறைகள் நகரமெங்கும் சிதறிக் கிடக்கின்றன.

போதாததற்குச் சட்டம் வேறு. பிரிட்டனில் அப்போது வேலைநிறுத்த வாக்கெடுப்பு தபாலில்தான் நடக்க வேண்டியிருந்தது. 2016ன் சட்டப்படி உறுப்பினரில் பாதிப் பேராவது வாக்களித்திருந்தால்தான் அது செல்லுபடியானது. ஆதரிக்கிறவர்கள் 99 பேராக இருந்தாலும் நூறுக்கு ஐம்பது உறைகள் திரும்பி வராவிட்டால் எல்லாம் வீண். அதனால் வேலை எங்கிருந்து தொடங்கியது தெரியுமா? உங்கள் விலாசம் யூனியன் பதிவேட்டில் சரியாக இருக்கிறதா, உறை வந்ததா, திருப்பிப் போட்டீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்பதிலிருந்து. முழக்கம், கொடி எல்லாம் அதற்கு அப்புறம்.

அவர்களுக்கு உதவியது இரண்டு. ஒன்று, இவர்கள் ஒரே தெருக்களில் வாழ்பவர்கள். அம்மா பராமரிப்பாளர், மகள் நர்சரியில், அத்தை பள்ளிச் சமையலறையில் என்று குடும்பமாகக் கவுன்சிலில் வேலை பார்ப்பது அங்கே புதிதல்ல. கைபேசியில் ஓடும் குழுக்களும், அக்கம்பக்கத்து மண்டபங்களில் போட்ட கூட்டங்களும், கவுன்சில் கூடும் நாட்களில் நகர மன்ற வாசலில் நின்ற ஆர்ப்பாட்டங்களும் அந்த உறவுகளின் மேல் கட்டப்பட்டவை. இரண்டு, சம்பளச் சீட்டு. நம் ஊரைப் போலவே அங்கும் சம்பளத்தைப் பற்றி வாய் திறப்பது நாகரிகமில்லை என்ற எண்ணம் உண்டு. அந்தக் கூச்சத்தை விட்டுச் சீட்டைப் பக்கத்து வீட்டு ஆணின் சீட்டோடு வைத்துப் பார்த்தபோதுதான் பலருக்குக் கணக்குப் புரிந்தது.

கிளாஸ்கோவுக்கு இதில் ஒரு பரம்பரையும் உண்டு. 1915ல், ஆண்கள் போருக்குப் போயிருந்த நேரம், வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். கோவன் பகுதியில் மேரி பார்பர் தலைமையில் பெண்கள் வாடகை தர மறுத்து, ஜப்தி செய்ய வந்தவர்களைத் தெருவிலேயே மறித்தார்கள். அந்த ஆண்டே வாடகையைக் கட்டுப்படுத்த அரசு சட்டம் போட்டது. மேரி பார்பருக்கு கோவனில் சிலை திறந்தது 2018 மார்ச்சில். ஏழு மாதம் கழித்து அதே நகரத்தின் பெண்கள் கிளாஸ்கோ கிரீன் பூங்காவிலிருந்து ஜார்ஜ் சதுக்கத்துக்கு ஊர்வலம் போனார்கள்.

முதியவர்களையும் நோயாளிகளையும் விட்டுவிட்டு வேலைநிறுத்தம் செய்வது நியாயமா?

அப்போது அங்கேயும் இதைத்தான் கேட்டார்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஆள் போக ஏற்பாடு இருந்தது. நூற்றுக்கணக்கான பள்ளிகளும் நர்சரிகளும் மூடின. பல குடும்பங்கள் சிரமப்பட்டன, அதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு பதில் இருக்கிறது. இரண்டு நாள் அவர்கள் வராவிட்டால் ஊர் நின்றுவிடும் என்றால், அந்த வேலையின் மதிப்பு என்ன? 'இவர்கள் இல்லாமல் முடியாது' என்பதும் 'இவர்களுக்கு இவ்வளவு போதும்' என்பதும் ஒரே வாயிலிருந்து வரக் கூடாது.

ஆண்கள் எதிர்த்தார்களா?

இதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு.

அக்டோபர் 23 காலை, குப்பை வண்டிகள் நிற்கும் டிப்போக்களின் வாசலில் பெண்கள் மறியலுக்கு நின்றார்கள். வேலைக்கு வந்த குப்பை அள்ளும் ஆண்களில் நூற்றுக்கணக்கானோர் அந்த வரிசையைத் தாண்டி உள்ளே போக மறுத்துவிட்டார்கள். பிரிட்டனில் மறியல் வரிசையைத் தாண்டாமை என்பது பழைய தொழிலாளி மரபு. ஆனால் இன்றைய சட்டத்தில் அதற்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. வாக்கெடுப்பு இல்லாமல், வேறொருவர் தகராறுக்காக வேலையை நிறுத்தினால் நடவடிக்கை வரலாம். தெரிந்தேதான் நின்றார்கள்.

அவர்கள் யார் என்று கவனியுங்கள். வழக்கு முழுக்க, இதோ இவருக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்று பெண்கள் கை காட்டிய 'இவர்' அவர்கள்தான். பெண்களுக்குக் கொடுத்தால் உங்கள் சம்பளம் குறையும் என்று பல கவுன்சில்களில் ஆண்களிடம் சொல்லிச் சொல்லிப் பிரித்து வைத்திருந்தார்கள். அந்தக் காலை கிளாஸ்கோவில் அது பலிக்கவில்லை. எனக்குத் தெரிந்து கவுன்சிலை அதிகம் கலங்க வைத்தது இதுதான்.

கடைசியில் எவ்வளவு கிடைத்தது? பணம் எங்கிருந்து வந்தது?

2019 உடன்பாட்டின் மதிப்பு சுமார் 50 கோடி பவுண்டு. அந்த ஆண்டே பணம் கைக்கு வரத் தொடங்கியது. பழைய சம்பள முறை மாறாமல் தொடர்ந்ததால் பாக்கியும் தொடர்ந்தது. 2022ல் இரண்டாவது உடன்பாடு வந்தது. இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 77 கோடி பவுண்டு. ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்பது வேலை, மணி நேரம், சேவைக் காலம் பொறுத்து மாறியது. முடிவுக்கு முன்பே பலர் இறந்துபோயிருந்தார்கள். அவர்கள் பங்கை வாரிசுகள் வாங்கினார்கள்.

பணத்துக்குக் கவுன்சில் செய்தது வேடிக்கையானது. தன் சொந்தக் கட்டடங்களைத் தனக்கே உரிய ஒரு நிறுவனத்துக்கு விற்று, திரும்ப வாடகைக்கு எடுத்துக்கொண்டது. அந்த நிறுவனம் கட்டடங்களைக் காட்டிக் கடன் வாங்கும். முதலில் எமிரேட்ஸ் அரங்கம் போன்றவை போயின, பிறகு புகழ்பெற்ற கெல்விங்குரோவ் அருங்காட்சியகமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பெண்களுக்குச் சேர வேண்டியதைச் சேர வேண்டிய நாளிலேயே கொடுத்திருந்தால் அருங்காட்சியகத்துக்கு வாடகை கட்டும் நிலை வந்திருக்காது.

பர்மிங்ஹாம் கவுன்சில் திவாலானது பெண்களுக்குப் பணம் கொடுத்ததால்தானா?

'பெண்கள் கேட்டதால் நகரம் திவால்' என்று செய்தித் தலைப்புகள் சொன்னது எனக்குக் கோபம் வர வைத்த விஷயம். நடந்தது இது. 2012ல் உச்ச நீதிமன்றம், வேலையை விட்டுப் போன பெண்கள் தீர்ப்பாயத்தின் ஆறு மாதக் கெடுவைத் தவறவிட்டிருந்தாலும், ஆறு ஆண்டுகளுக்குள் சாதாரண சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்றது. கவுன்சில் 100 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தது. 2015ல் தன் கண்காட்சி மைய நிறுவனத்தையே விற்றது. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் குப்பைத் துறையில் ஆண்களுக்குச் சாதகமான ஏற்பாடுகள் தொடர்ந்தன, புதிய வழக்குகள் வந்தன. 2023ல் 65 கோடி முதல் 76 கோடி பவுண்டு வரை கொடுக்க வேண்டியிருக்கும் என்று கவுன்சில் கணித்தது. செப்டம்பர் 5 அன்று, இனி அத்தியாவசியம் தவிர எதற்கும் செலவு செய்ய முடியாது என்று அறிவித்தது. அந்தக் கணிப்பு மிகை என்று பிறகு பலர் கேள்வி எழுப்பினார்கள். சொதப்பிப்போன கணினித் திட்டம் ஒன்றும், மத்திய அரசு நிதியைக் குறைத்ததும் பாரத்தில் சேர்த்தி.

திருடிய பணத்தைத் திருப்பிக் கொடுத்ததால் ஏழையாகிவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் நாம் யாரைப் பார்த்துப் பரிதாபப்படுவோம்?

2025ல் பர்மிங்ஹாம் தெருக்களில் மலையாகக் குவிந்த குப்பையும் இதோடு தொட்ட கதைதான். குப்பை வண்டிகளில் இருந்த ஒரு பதவியைக் கவுன்சில் நீக்கியது, அது இருந்தால் மறுபடி சம ஊதிய வழக்கு வரும் என்றது. யுனைட் யூனியன் அதை ஏற்காமல் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. பெண்களின் சம்பளத்தை உயர்த்திச் சமமாக்காமல் ஆண்களின் சம்பளத்தை இறக்கிச் சமமாக்கப் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

கவுன்சில்களோடு இது நின்றுவிட்டதா?

இல்லை, கடைகளுக்கும் போய்விட்டது. ஆஸ்டா சூப்பர் மார்க்கெட்டில் கடையில் நிற்கும் பெண்கள் கிடங்கில் வேலை செய்யும் ஆண்களோடு தங்களை ஒப்பிடலாம் என்று 2021ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நெக்ஸ்ட் துணிக்கடை ஊழியர்கள் 2024ல் தீர்ப்பாயத்தில் ஜெயித்தார்கள்.

நான் பிரிட்டனில் ஒரு கவுன்சிலில் வேலை செய்கிறேன். எனக்கு இதில் தெரிய வேண்டியது என்ன?

இது சட்ட ஆலோசனை அல்ல. பொதுவாகச் சொல்கிறேன்.

சம்பளத்தைப் பற்றிச் சக ஊழியரிடம் பேசக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கலாம். பாகுபாடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பேசினால் அந்த விதியை உங்கள் மேல் பிரயோகிக்க முடியாது, 2010ன் சமத்துவச் சட்டம் அதைத் தடுக்கிறது. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். போனஸ், ஷிஃப்ட் படி, ஓவர்டைம், 'வேலை முடிந்தால் முழுச் சம்பளத்தோடு வீட்டுக்குப் போகலாம்' என்பது போன்ற சலுகை, எல்லாவற்றையும் பாருங்கள். ஏஜென்சி மூலம் வேலை என்றால் கதை சிக்கலாகும், ஏனென்றால் உங்கள் முதலாளி வேறு. பாக்கி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆறு ஆண்டு வரை, ஸ்காட்லாந்தில் ஐந்து ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம்.

வழக்கைக் கைவிட்டு எழுதித் தரும்படி ஒரு காகிதம் நீட்டினால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். அப்படிப்பட்ட உடன்பாட்டுக்கு முன் உங்களுக்குச் சுயேச்சையான ஆலோசனை கிடைத்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2005-06ல் கிளாஸ்கோவில் கையெழுத்துப் போட்டவர்களிடம் கேட்டால் இதை இன்னும் அழுத்திச் சொல்வார்கள். வேலையை விட்டவர்கள் பொதுவாக ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், அதற்கு முன் ஏகாஸ் என்ற சமரச அமைப்பிடம் பதிய வேண்டும். ஐந்தாவது மாதத்தில் இருக்கிறீர்கள் என்றால் மற்ற யோசனைகளை வைத்துவிட்டு இன்றைக்கே ஏகாஸுக்கு ஒரு போன் போடுங்கள்.